முதியோர் ஆலோசனைக் குழுவில் உங்களைப் போட்டுவிட்டார்கள், இனி என்ன?

கேள்வி இதுதான்: "எங்கள் உள்ளாட்சி அமைப்பு முதியோர் சேவைகளுக்கென்று ஓர் ஆலோசனைக் குழு அமைத்து, என்னையும் உறுப்பினராகப் போட்டிருக்கிறது. நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. இந்தத் துறையில் முன் அனுபவம் கிடையாது. குழுவுக்கு நிதி ஒதுக்கும் அதிகாரமோ உத்தரவு போடும் அதிகாரமோ இல்லையாம். அப்படியானால் அங்கே போய் என்ன செய்வது? உருப்படியாக ஏதாவது நடக்குமா, இல்லை தலையாட்டிவிட்டு வருகிற கூட்டமா?"

தலையாட்டுகிற கூட்டமாகப் போவதற்கு வாய்ப்பு நிறையவே இருக்கிறது. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டு பேசுவோம். மக்கள் பங்கேற்பு பற்றி 1969-இல் ஷெரி ஆர்ன்ஸ்டைன் எழுதிய கட்டுரையில் எட்டுப் படிகள் கொண்ட ஏணி ஒன்று வரும். மேல்படியில் முடிவே மக்கள் கையில். கீழ்ப்படியில் அவர்களுக்கு ஒரு பிடியும் இல்லை. பேருக்கு அமைத்து, ரப்பர் ஸ்டாம்பு மாதிரி பயன்படுத்தப்படும் ஆலோசனைக் குழுக்களை அவர் அந்த ஏணியின் கடைசிப் படியில்தான் வைத்தார். நாங்கள் மக்களைக் கேட்டுவிட்டோம் என்று காட்டிக்கொள்ள உதவும், அவ்வளவுதான்.

நான் இப்படிப்பட்ட இரண்டு குழுக்களில் இருந்திருக்கிறேன். முதல் குழுவில் மாலை நேரப் போக்குவரத்து பற்றி நாலு மாதம் மெனக்கெட்டோம். முதியோர் மையத்துக்கு வருகிறவர்களை அழைத்துவரும் வண்டி மாலை நாலு மணியோடு நின்றுவிடும்; ஆறு மணி வரை நீட்டிக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. வீடு வீடாகப் போய்க் கேட்டோம், கணக்குப் போட்டோம், பன்னிரண்டு பக்க அறிக்கை கொடுத்தோம். அதிகாரி மரியாதையாக வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல அறிக்கை சார். ஆனால் வண்டி ஒப்பந்தம் போன மாதம்தான் கையெழுத்தானது, மூணு வருஷத்துக்கு" என்றார். அவர் மேல் தப்பில்லை. ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. அந்த அறிக்கையில் இருந்த ஒவ்வொரு வரியும் சரி, தேதி மட்டும் தப்பு.

அன்றைக்குப் புரிந்ததைத்தான் உங்களுக்கும் முதலில் சொல்வேன். அதிகாரம் இல்லாத குழுவுக்கு இருக்கிற ஒரே பலம், முடிவு எடுப்பதற்கு முன்னால் வாயைத் திறப்பது. முடிவுக்குப் பிறகு சொன்னால் அது புலம்பல்.

டென்மார்க்கில் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். 1997 முதல் அங்கே ஒவ்வொரு நகராட்சியிலும் முதியோர் மன்றம் கட்டாயம். 60 வயது தாண்டிய உள்ளூர்வாசிகள் எல்லோரும் அதற்கு ஓட்டுப் போடலாம், போட்டியும் இடலாம். அந்த மன்றத்துக்கும் உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. ஆனால் முதியோரைப் பாதிக்கிற எந்தத் திட்டமானாலும் நகராட்சி முடிவெடுக்கும் முன்பு அதை இவர்களிடம் வைத்துக் கருத்துக் கேட்டாக வேண்டும். நார்வேயிலும் 1991-லேயே நகராட்சிகளுக்கு முதியோர் மன்றச் சட்டம் வந்துவிட்டது. அமெரிக்காவில் 1965-ஆம் ஆண்டின் மூத்த அமெரிக்கர் சட்டத்துக்கு 1973-இல் வந்த திருத்தம் வட்டார அளவில் முதியோர் சேவைகளைத் திட்டமிடும் முகமைகளை உண்டாக்கியது. அவற்றுக்கெல்லாம் ஆலோசனை மன்றம் உண்டு, உறுப்பினர்களில் பாதிக்கு மேல் மூத்தவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி.

உங்கள் குழு எந்த ரகம் என்பது அதை அமைத்த தீர்மானத்தில் இருக்கும். அந்தத் தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கி, நிதானமாகப் படியுங்கள். "கருத்துத் தெரிவிக்கலாம்" என்று எழுதியிருக்கிறதா, "கருத்துக் கேட்கப்பட வேண்டும்" என்று எழுதியிருக்கிறதா? இரண்டுக்கும் நடுவில் ஒரு கடலே இருக்கிறது. முதலாவதுதான் என்றால், குழுவின் முதல் வருட வேலையே அதை இரண்டாவதாக மாற்றுவதுதான் என்பேன்.

தீர்மானத்தோடு இன்னும் இரண்டு காகிதங்களைக் கேளுங்கள். ஒன்று, பட்ஜெட் நாட்காட்டி: துறைகள் எந்த மாதம் மதிப்பீடு கொடுக்கின்றன, எப்போது அது உள்ளாட்சி மன்றத்தின் முன் வருகிறது என்பது. இன்னொன்று, முதியோர் சேவைகளுக்காக வெளியாட்களோடு போட்டிருக்கும் ஒப்பந்தங்களின் பட்டியல், முடியும் தேதியோடு. வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது, வண்டி, பகல்நேரப் பராமரிப்பு மையம், வீட்டு உதவியாளர்கள் எல்லாம் இந்தப் பட்டியலில்தான் வரும். ஒப்பந்தம் முடிவதற்கு எட்டு மாதம் இருக்கும்போது டெண்டர் நிபந்தனைகளில் ஒரு வரி சேர்க்கச் சொல்வது சுலபம். முடிந்த மறுநாள் சொன்னால் மலையைப் புரட்டுகிற வேலை.

அப்புறம், எது உள்ளாட்சியின் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதியோர் என்றதும் கூட்டத்தில் முதலில் எழுகிற பேச்சு ஓய்வூதியமும் ஆஸ்பத்திரியும்தான். பல இடங்களில் இவை இரண்டும் மேலே இருக்கிற அரசின் கையில் இருக்கும். ஜப்பான் மாதிரி சில நாடுகள் விதிவிலக்கு: 2000-இல் அங்கே வந்த நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டை நடத்துவதே நகராட்சிகள்தான், மூன்று வருடத்துக்கு ஒருமுறை திட்டமும் அவர்களே போட வேண்டும். மற்ற இடங்களில் உள்ளாட்சியின் கைக்குள் இருப்பவை பார்வைக்குச் சின்ன விஷயங்கள்: நடைபாதை, தெருவிளக்கு, பொதுக் கழிப்பறை, பெஞ்சு, சமுதாயக் கூடம், நூலகம். சின்னது என்று ஒதுக்கிவிடாதீர்கள். எண்பது வயதில் ஒருவர் வீட்டை விட்டு வெளியே வருவாரா மாட்டாரா என்பதை முடிவு செய்வது இவைதான். போகிற வழியில் கழிப்பறை இல்லை என்று தெரிந்தால் பலர் வெளியே கிளம்பவே மாட்டார்கள், கிளம்பினாலும் தண்ணீர் குடிக்காமல் கிளம்புவார்கள். இதைக் கூட்டத்தில் சொல்லக் கூச்சப்படுவார்கள். நீங்கள்தான் முதலில் பேச்சை எடுக்க வேண்டியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட முதுமைக்கு உகந்த நகரங்கள் வழிகாட்டி கைவசம் இருந்தால் நல்லது. புது டெல்லி, உதய்ப்பூர் உட்பட 33 நகரங்களில் மூத்தவர்களிடம் நேரடியாகக் கேட்டுத் தயாரித்தது. எட்டுத் துறைகளாகப் பிரித்திருப்பார்கள்: வெளியிடங்களும் கட்டடங்களும், போக்குவரத்து, வீடு, சமூகத்தில் கலந்துகொள்வது, மரியாதை, வேலையும் பொதுப்பணியும், தகவல், சுகாதாரமும் உதவிச் சேவைகளும். குழுக்கள் செய்கிற வழக்கமான தவறு, எட்டுக்கும் எட்டுத் துணைக்குழு போட்டுவிடுவது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் எட்டிலும் ஒன்றும் நடந்திருக்காது. எட்டையும் ஒருமுறை வாசித்துவிட்டு, உங்கள் ஊருக்கு வலிக்கிற இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதை அடுத்த வருடம் பார்க்கலாம்.

எப்படித் தொடங்குவது என்பதற்கு ஒரு நடைமுறை உதாரணம். ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு டேப், இரண்டு பேர். போக்குவரத்து விளக்கு இருக்கிற, மூத்தவர்கள் அதிகம் கடக்கிற ஒரு சாலைக்குப் போங்கள். சாலையின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். நடப்பவருக்கான பச்சை விளக்கு எத்தனை வினாடி எரிகிறது என்று பாருங்கள். பல நாடுகளில் இந்தக் கணக்கு, மனிதன் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பான் என்ற அனுமானத்தில் போடப்பட்டது. இங்கிலாந்தில் 65 வயது தாண்டியவர்களை அளந்து பார்த்தபோது ஆண்களின் சராசரி 0.9, பெண்களின் சராசரி 0.8 மீட்டர்தான் வந்தது. இப்போது 12 மீட்டர் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1.2 கணக்கில் 10 வினாடி போதும். 0.8-இல் நடக்கிற அம்மாவுக்கு 15 வினாடி வேண்டும். அந்த ஐந்து வினாடி அவர் வண்டிகளின் முன்னால் நடுச்சாலையில் நிற்கிறார்.

ஒரு மணி நேரம் அங்கே நின்று, எத்தனை பேர் கடந்தார்கள், எத்தனை பேர் விளக்கு மாறிய பிறகும் சாலையில் இருந்தார்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். இந்த ஒரு தாள், "சாலைகள் முதியோருக்குப் பாதுகாப்பாக இல்லை" என்று பத்துப் பேர் எழுந்து பேசுவதைவிட வேலை செய்யும். ஏனென்றால் அதை வாங்கிப் பார்க்கிற பொறியாளருக்கு, அடுத்து தான் என்ன செய்ய வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும். நேரத்தைக் கூட்டினால் மற்ற வண்டிகள் தேங்கும் என்று அவர் சொல்லக்கூடும். நியாயமான பேச்சுதான். சிங்கப்பூர் 2009 முதல் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: மூத்தவர் தன் சலுகை அட்டையைக் கம்பத்தில் தொட்டால், சாலையைப் பொறுத்து 3 முதல் 13 வினாடி வரை பச்சை கூடுதலாக எரியும். தேவைப்படுகிறவருக்கு மட்டும் கூடுதல் நேரம். இந்த மாதிரி ஒன்றிரண்டு தீர்வுகளைக் கைவசம் வைத்துக்கொண்டு போனால் பேச்சு "முடியாது" என்பதோடு நிற்காது.

பெஞ்சும் அப்படித்தான். மக்கள் நடமாட்டம் உள்ள பாதைகளில் 50 மீட்டருக்கு ஒரு இருக்கையாவது வேண்டும் என்கிறது பிரிட்டனின் வழிகாட்டி நெறிமுறை. இருக்கைக்குக் கைப்பிடி வேண்டும். உட்காருவதற்கு அல்ல, எழுந்திருப்பதற்கு. வடிவமைப்பாளர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது, அதிகாரிகள் உங்கள் முன் வைக்கிற எண்கள். "முதியோர் மையத்துக்கு ஆண்டில் 6,240 வருகைகள்" என்று ஒரு அறிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே 40 பேர் வாரத்துக்கு மூன்று முறை, 52 வாரமும் வந்தால் கணக்கு சரியாக 6,240. ஊரில் 60 வயது தாண்டியவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்பதோடு அந்த நாற்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். அதனால் எப்போதும் கேளுங்கள்: இது எத்தனை வருகை, எத்தனை ஆள்? புதிதாக வந்தவர்கள் எத்தனை பேர்? வருவதை நிறுத்தியவர்கள் எத்தனை பேர், ஏன் நிறுத்தினார்கள்? காத்திருப்போர் பட்டியலில் எத்தனை பேர், எவ்வளவு நாளாக? குற்றம் சாட்டுகிற தொனியில் கேட்காதீர்கள். பல நேரம் அந்த அதிகாரிக்கே மேலிடத்தில் காட்ட இந்த எண் தேவைப்படும், கேட்பதற்கு ஆள் இல்லாமல்தான் இருந்திருக்கும்.

இந்த நாற்பது பேர் கணக்கு குழுவுக்கும் பொருந்தும் என்பதுதான் வேடிக்கை. குழுவில் யார் வருகிறார்கள்? உங்களைப் போல, என்னைப் போல, அறுபதுகளில் இருக்கிற, நடமாட்டம் உள்ள, பேசத் தெரிந்த, முக்கால்வாசி ஓய்வுபெற்ற அலுவலர்கள். சேவை அதிகம் தேவைப்படுகிறவர் தொண்ணூறு வயதில் மாடியிலிருந்து இறங்க முடியாமல் இருக்கிறார். அல்லது மறதி நோய் வந்த கணவனைத் தனியாக விட்டுவிட்டு அரை மணி நேரம்கூட வெளியே வர முடியாத மனைவியாக இருக்கிறார். அறுபதும் தொண்ணூறும் ஒரே வயதுக் கூட்டம் என்று நினைப்பது, பத்து வயதுப் பிள்ளையையும் நாற்பது வயது ஆளையும் ஒரே வகுப்பில் உட்காரவைப்பது மாதிரி.

அவர்கள் கூட்டத்துக்கு வர மாட்டார்கள், நாம்தான் போக வேண்டும். எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஏற்கனவே வீட்டுக்குள் போகிறவர்களைப் பிடிப்பது: சாப்பாடு கொண்டுபோகிற பணியாளர், வீட்டுக்கு வருகிற நர்ஸ், தபால்காரர். அவர்கள் அனுமதியோடு ஒரு நாள் கூடவே போய்ப் பாருங்கள். இரண்டாவது குழுவில் இருந்தபோது சாப்பாடு வண்டியோடு நான் ஒரு காலை போனேன். பதினோரு வீடு. கொண்டுபோகிறவருக்கு ஒரு வீட்டுக்கு மூன்று நிமிடம்தான் நேரம். ஒரு பெரியவர் பொட்டலத்தை வாங்கி மேஜைமேல் வைத்தார். நேற்றைய பொட்டலமும் அங்கேயே இருந்தது, பிரிக்காமல். மூடி இறுக்கமாக ஒட்டியிருந்தது. மூட்டுவாதம் பிடித்த விரல்களால் அதைக் கிழிக்க முடியவில்லை. எங்கள் பதிவேட்டில் இரண்டும் "வழங்கப்பட்டது" என்று இருக்கும். அடுத்த கூட்டத்தில் பொட்டலத்தை எடுத்துப்போய் உறுப்பினர்கள் கையில் கொடுத்து, கட்டைவிரலை மடக்கிக்கொண்டு திறக்கச் சொன்னேன். டெண்டரில் மூடியைப் பற்றி ஒரு வரி சேர்ந்தது. நான் இருந்த காலத்தில் விவாதமே இல்லாமல் நிறைவேறிய ஒரே பரிந்துரை அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்படி வீடுகளுக்குப் போகும்போது வேறு சில விஷயங்களும் கண்ணில் படும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 60 வயது தாண்டியவர்களில் ஆறு பேருக்கு ஒருவர், ஒரு வருடத்தில் ஏதோ ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாகிறார். பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. ஆலோசனைக் குழு உறுப்பினர் துப்பறியவோ பஞ்சாயத்து பண்ணவோ கிளம்பக் கூடாது. யாரிடம் சொல்ல வேண்டும், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தனிநபர் புகார்களை, பெயரோடும் வீட்டு விவரத்தோடும், குழுக் கூட்டத்தில் பேசவே கூடாது. கூட்டக் குறிப்பு பொது ஆவணம்.

கூட்டம் நடக்கிற விதம் பற்றிக் கொஞ்சம். 60 வயது தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்குமேல் வாழ்க்கையைப் பாதிக்கிற அளவுக்குக் காது மந்தம் இருக்கிறது. பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் மூன்று பேர் என்று வையுங்கள். அவர்கள் சொல்ல மாட்டார்கள், சிரித்துத் தலையசைப்பார்கள். சிறிய அறையானாலும் மைக் வையுங்கள், ஒருவர் பேசும்போது இன்னொருவர் பேசக் கூடாது என்று விதி போடுங்கள், அஜெண்டாவைப் பெரிய எழுத்தில் ஒரு வாரம் முன்பே தாளில் அனுப்புங்கள். போக்குவரத்துச் செலவைக் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வசதியானவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள்.

பரிந்துரை எழுதுவதில்தான் பல குழுக்கள் கோட்டை விடுகின்றன. "முதியோருக்கான தகவல் வசதிகளை மேம்படுத்த வேண்டும்" என்று எழுதினால் அதிகாரி "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார். மறுக்கவே முடியாத பரிந்துரையை நிறைவேற்றவும் முடியாது. அதையே இப்படி எழுதலாம்: "சலுகைகளுக்கு இணையத்தில் மட்டுமே விண்ணப்பிக்க முடிகிறது. அடுத்த நிதியாண்டு தொடக்கத்திலிருந்து தொலைபேசியிலும் நேரிலும் விண்ணப்பிக்கும் வழி வேண்டும். பொறுப்பு: வரி மற்றும் சேவைப் பிரிவு. நூலகக் கவுண்டரில் வாரம் இரண்டு காலை, ஏற்கனவே இருக்கும் ஒரு ஊழியர் போதும். ஆறு மாதம் கழித்து, எந்த வழியில் எத்தனை விண்ணப்பம் வந்தது என்று குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்." யார், எப்போது, எதைக் கொண்டு, எப்படித் தெரியும் என்ற நாலும் அதில் இருக்கிறது. முடியாது என்றால் எந்த வரி முடியாது என்று அவர் சொல்லியாக வேண்டும்.

அப்படிச் சொல்வது எழுத்தில் வர வேண்டும். குழுவின் ஒவ்வொரு பரிந்துரைக்கும் இத்தனை நாளில் எழுத்துப்பூர்வமான பதில், மறுத்தால் காரணத்தோடு, என்ற ஏற்பாட்டை மன்றத் தலைவரிடமோ ஆணையரிடமோ பேசி வாங்கிவிடுங்கள். வாங்கிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. மறுப்புக் கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள். "இந்த ஆண்டு நிதி இல்லை" என்று வந்த கடிதம், அடுத்த பட்ஜெட் மதிப்பீடு தயாராகிற மாதத்தில் நீங்கள் எழுதப்போகிற கடிதத்தின் முதல் பத்தி.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். குழு உறுப்பினர்களில் யாராவது முதியோர் இல்லமோ வீட்டு உதவி நிறுவனமோ நடத்துகிறவராக இருப்பார். அவருக்கு விஷயம் தெரியும், அவர் வேண்டும். ஆனால் அவருடைய ஒப்பந்தம் பற்றிப் பேச்சு வரும்போது அவர் எழுந்து வெளியே போக வேண்டும். முதல் கூட்டத்திலேயே, யார்மீதும் சந்தேகம் வருவதற்கு முன்பே, இதைப் பொது விதியாக எழுதிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது. பிரச்சினை வந்த பிறகு எழுதினால் அது அவரைக் குறிவைத்து எழுதிய மாதிரி ஆகிவிடும்.

சரி, முதல் கூட்டத்துக்கு என்ன எடுத்துப்போவது? ஒன்றும் வேண்டாம். துறை அலுவலர் வரவேற்றுப் பேசி முடித்ததும், "அடுத்த பன்னிரண்டு மாதத்தில் முதியோரைத் தொடுகிற முடிவுகள் எவையெல்லாம் மன்றத்துக்கு வரப்போகின்றன, எந்தெந்த மாதம்?" என்று கேளுங்கள். கையில் பட்டியல் இருக்காது, அடுத்த கூட்டத்தில் தருகிறேன் என்பார். அதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். இரண்டாவது கூட்டத்தின் அஜெண்டாவில் முதல் பொருளாக அது வந்திருக்கிறதா என்று, ஒரு வாரம் முன்பு தாள் கைக்கு வந்ததும் பாருங்கள். வரவில்லை என்றால் போன் போட்டுக் கேளுங்கள்.